யாருக்காக யார் பேசுவது: காலனிய இந்தியாவில் இனமும் பெண்ணுரிமையும் (1883–1935)

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியப் பெண்களின் உரிமைக் குரல் இந்தியாவை நோக்கித் திரும்பிய பொழுதெல்லாம் இந்தியப் பெண் அதற்குச் சான்றாக நிறுத்தப்பட்டாள், பேசுபவளாக ஏற்கப்படவில்லை. 1883ஆம் ஆண்டின் இல்பர்ட் மசோதா எதிர்ப்பு, 1929ஆம் ஆண்டின் லண்டன் மாநாடு, 1930களின் வாக்குரிமை விவாதம் ஆகியவற்றின் வழி இப்போக்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை மாகாணச் சீர்திருத்த இயக்கத்திற்குள்ளும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்ததையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காலனியம், இனம், பெண்ணியம், இல்பர்ட் மசோதா, எலினோர் ராத்போன், முத்துலட்சுமி ரெட்டி, வாக்குரிமை

முன்னுரை

ஆண், பெண் என்னும் வேறுபாட்டை மட்டும் கொண்டு காலனிய வரலாற்றை வாசித்தால் வெள்ளைப் பெண்ணும் இந்தியப் பெண்ணும் ஒரே ஒடுக்குமுறையின் இரு முகங்களாகத் தோன்றுவர். இன வேறுபாட்டை மட்டும் கொண்டு வாசித்தால் வெள்ளைப் பெண் ஆள்வோரின் மனைவியாகவும் மகளாகவும் சுருங்கிவிடுவாள். இரண்டும் அரை உண்மைகளே. தன் நாட்டில் வாக்குரிமை இல்லாத ஒருத்தி, கப்பலேறி வந்த இடத்தில் ஆளும் இனத்தவளாக இருந்தாள். அந்த இரட்டை நிலையிலிருந்து அவள் எதைப் பேசினாள், யாருடைய பெயரால் பேசினாள் என்பதே இங்கு வினா. மிருணாளினி சின்ஹா, ஆன்ட்டோனெட் பர்ட்டன், பார்பரா ராமுசாக் ஆகியோரின் ஆய்வுகள் இவ்வினாவை வெவ்வேறு கோணங்களில் எழுப்பியுள்ளன. தமிழ் ஆய்வுலகில் பெண்ணியமும் காலனிய வரலாறும் பெரும்பாலும் தனித்தனி வகுப்பறைகளிலேயே இருந்துவந்துள்ளன.

ஒரு மசோதாவும் ஒரு பள்ளியும்

1883 பிப்ரவரியில் வைசிராய் ரிப்பன் பிரபுவின் சட்ட உறுப்பினரான கோர்ட்டினே இல்பர்ட் ஒரு சட்டத் திருத்த மசோதாவை முன்வைத்தார். மாகாணத் தலைநகரங்களில் இந்திய நீதித்துறை நடுவர்கள் ஐரோப்பியரை விசாரிக்கும் அதிகாரத்தை ஏற்கெனவே பெற்றிருந்தனர். தலைநகரங்களுக்கு வெளியே, மாவட்டங்களில், அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கல்கத்தாவில் ஐரோப்பியரை விசாரித்த ஓர் இந்திய அதிகாரி, பதவி உயர்வு பெற்று மாவட்டத்திற்குச் சென்றால் அந்த அதிகாரத்தை இழப்பார். இந்திய ஆட்சிப் பணியிலிருந்த பிகாரிலால் குப்தா 1882இல் எழுதிய குறிப்பு சுட்டிய முரண்பாடு இதுவே. மசோதா இதைக் களைய முயன்றது; அதற்கு மேல் புரட்சிகரமானது எதுவும் அதில் இல்லை.

எழுந்த எதிர்ப்போ மசோதாவின் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. பிப்ரவரி 28 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் ஐரோப்பியர் திரண்டனர். அவுரி, தேயிலைத் தோட்ட முதலாளிகளும் வணிகரும் வழக்கறிஞரும் அடுத்த மாதமே ஒரு பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். தோட்டங்களில் தொழிலாளரை அடித்தும் அடைத்தும் வேலை வாங்கியவர்களுக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் இந்திய நீதிபதி அமர்வது எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அச்சம் அந்தப் பெயரில் வெளிவரவில்லை. வெள்ளைப் பெண்ணின் மானம் என்ற பெயரில் வெளிவந்தது. தனித்திருக்கும் தோட்ட வீட்டில் வாழும் ஆங்கிலப் பெண்மணி, தன் மனைவியைத் திரைக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கும் இந்திய நீதிபதியின் முன் நிற்க வேண்டுமா என்று செய்தித்தாள்கள் கேட்டன. சின்ஹா காட்டுவது போல, வங்காளியை ஆண்மையற்றவர் என்று இகழ்ந்த சொல்லாடலும் வெள்ளைப் பெண்ணைக் காக்கப்பட வேண்டியவளாகச் சித்திரித்த சொல்லாடலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இவ்விவாதத்தில் பெண்கள் வெறும் பேசுபொருளாக மட்டும் இருக்கவில்லை. ஐரோப்பியப் பெண்கள் தனிக் குழு அமைத்தனர். விக்டோரியா அரசிக்கு அனுப்பிய மனுவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அதுவரை பொதுமேடையில் பெண் தோன்றுவதையே விரும்பாத ஒரு சமூகத்தில் இது சிறிய நிகழ்வன்று. இனத்தின் பெயரால்தான் அவர்களுக்கு அரசியலின் வாயில் திறந்தது.

அக்குரல்களில் மிகவும் கவனிக்கத்தக்கது அன்னெட் பெவரிட்ஜின் குரல். 1883 மார்ச் 6 அன்று 'இங்கிலீஷ்மேன்' இதழில் அவருடைய கடிதம் வெளியாயிற்று. தம் எதிர்ப்பு இனச் செருக்கிலிருந்து எழவில்லை, பெண்மையின் தன்மதிப்பிலிருந்தே எழுகிறது என்பது அதன் சாரம். தம் இனத்துப் பெண்களின் நிலையை உயர்த்த அதிகம் ஒன்றும் செய்யாத ஆண்களின் நீதி அதிகாரத்திற்கு நாகரிகமடைந்த பெண்களை உட்படுத்துவது இழிவு என்று அவர் வாதிட்டார். இவ்வாதத்தின் கட்டமைப்பை நின்று பார்க்க வேண்டும். இந்தியப் பெண்ணின் துயரம் இங்கே இந்திய ஆணின் தகுதியின்மைக்குச் சான்று. அந்தத் தகுதியின்மை வெள்ளையரின் தனிச்சலுகைக்கு அரண். பெண்ணுரிமை மொழியில் எழுதப்பட்ட இனவாத வாதம் இது. அதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்வது எழுதியவரின் வாழ்க்கை.

திருமணத்திற்கு முன் அவர் அன்னெட் அக்ராய்ட். கேசவ் சந்திர சென் 1870இல் இங்கிலாந்தில் ஆற்றிய உரைகளால் ஈர்க்கப்பட்டு, வங்காளப் பெண்களுக்குக் கல்வி அளிக்கவென்றே 1872 இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தவர். கேசவரோடு விரைவிலேயே கருத்து வேறுபட்டார். 1873இல் 'இந்து மகிளா வித்யாலயம்' என்னும் பள்ளியைத் தாமே தொடங்கினார். 1875இல் ஆட்சிப் பணியாளரான ஹென்றி பெவரிட்ஜை மணந்தார். கணவரோ இல்பர்ட் மசோதாவை ஆதரித்தவர். ஒரே வீட்டில் கணவர் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமும் நின்ற இந்நிலையை, மனைவி கணவனின் நிழல் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் சற்றே நினைவிற் கொள்வது நல்லது. இவரே பிற்காலத்தில் பாரசீகமும் துருக்கியும் கற்று, குல்பதன் பேகத்தின் 'ஹுமாயூன் நாமா'வையும் பின்னர் 'பாபர் நாமா'வையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். முகலாய அரண்மனைப் பெண் ஒருத்தியின் எழுத்தை ஆங்கில உலகம் படிக்க வழிசெய்தவர் அவர்தாம். இந்தியப் பெண்களின் மீது அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்ல எவராலும் இயலாது.

அவர் தொடங்கிய பள்ளியின் கதை இன்னும் கூர்மையானது. அவர் விலகியபின் அது நின்றுபோய், 1876இல் 'வங்க மகிளா வித்யாலயம்' என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. துவாரகநாத் கங்குலி முதலிய பிரம்ம சமாஜச் சீர்திருத்தவாதிகள் அதை நடத்தினர். 1878இல் அது பெத்தூன் பள்ளியோடு இணைந்தது. அந்த வழியில் வந்த மாணவி காதம்பினி பாசு. அவரும் சந்திரமுகி பாசுவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகளாக, இல்பர்ட் மசோதா கொந்தளித்த அதே 1883இல் பட்டம் பெற்றனர். ஆக்ஸ்ஃபர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920இல். கேம்பிரிட்ஜ் முழுமையாக வழங்கியது 1948இல். நாகரிகமடைந்த பெண்கள், அடையாத பெண்கள் என்னும் பிரிவினை எழுதப்பட்ட ஆண்டில் அப்பிரிவினையின் அடித்தளம் கல்கத்தாவிலேயே ஆட்டம் கண்டிருந்தது.

பெத்தூன் மாணவியரும் சும்மா இருக்கவில்லை. காமினி சென் (பின்னாளில் கவிஞர் காமினி ராய்) உள்ளிட்ட மாணவியர் மசோதாவை ஆதரித்தனர். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சுரேந்திரநாத் பானர்ஜி 1883இல் சிறைப்பட்டபோது அடையாளச் சின்னம் அணிந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். அன்னெட் தொடங்கிய பள்ளியின் வழிவந்த நிறுவனத்திலிருந்தே அவர் வாதத்துக்கு மறுப்பு எழுந்தது. அம்மறுப்பு ஆங்கில இதழ்களின் விவாதத்தில் ஒரு வாதமாக இடம்பெறவில்லை.

மசோதா 1884 ஜனவரியில் சட்டமானபோது அதன் உயிர் போயிருந்தது. இந்திய மாவட்ட நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் நடுவர் குழுவைக் கோரலாம், அக்குழுவில் பாதிக்குக் குறையாதோர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும். அதே 1884இல் அஸ்ஸாமில் வெப் என்னும் ஐரோப்பியர் மீது வழக்கு ஒன்று நடந்தது. சுகுர்மணி என்னும் கூலிப்பெண் இரவில் அவரது இருப்பிடத்தில் அடைத்து வைக்கப்பட்டுப் பின் இறந்துபோனாள். வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்ததற்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஓராண்டுக் காலம் பெண்ணின் மானத்தைப் பற்றியே பேசிய விவாதத்தில் இத்தகைய பெண் ஒருமுறையும் இடம்பெறவில்லை.

படைமுகாம்களில்

எல்லாப் பிரித்தானியப் பெண்ணியரும் அன்னெட்டின் பக்கம் நின்றவர்கள் அல்லர். பாலியல் தொழிலாளரைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்திய தொற்றுநோய்ச் சட்டங்களை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் நடத்திய போராட்டத்தால் 1886இல் அச்சட்டங்கள் இங்கிலாந்தில் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் இந்தியப் படைமுகாம்களுக்குப் போதுமான எண்ணிக்கையில் கவர்ச்சியான பெண்களை ஏற்பாடு செய்யுமாறு படைத்தலைமை சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. இது வெளிவந்தபோது பட்லர் இந்தியப் பெண்களுக்காகவும் போராடினார். எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்னெல் என்னும் இரு அமெரிக்கப் பெண்கள் முகாம்களுக்கே சென்று அங்கிருந்த பெண்களோடு பேசி, 1893இல் லண்டனில் விசாரணைக் குழுவின் முன் சாட்சியளித்தனர். தளபதி ராபர்ட்ஸ் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பட்லர் இந்தியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை. பேரரசு இருக்கக்கூடாது என்று அவர் கருதியதுமில்லை. பேரரசு தூய்மையாக இருக்க வேண்டும் என்றே கருதினார். இந்தியப் பெண்ணின் மீதான இரக்கம் பிரித்தானியப் பெண்ணின் குடியுரிமைத் தகுதிக்குச் சான்றாகப் பயன்பட்டது என்று பர்ட்டன் வாதிடுவது இதனால்தான். ஆயினும் முகாம் பெண்களின் சொற்கள் ஆவணத்தில் இடம்பெற்றதே இப்பரப்புரையால்தான். பர்ட்டனின் வாதம் இந்தப் பயனுக்குப் போதிய எடை தரவில்லை.

காக்ஸ்டன் மண்டபம், 1929

1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பிரித்தானியப் பெண்களில் ஒரு பகுதியினரும் 1928இல் ஆண்களுக்கு நிகராக அனைவரும் வாக்குரிமை பெற்றனர். இந்தியாவை ஆள்வது வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் ஆதலால் அந்த வாக்கு இந்தியாவின் மீதான வாக்காகவும் ஆயிற்று. இடைப்பட்ட 1919இல் சவுத்பரோ குழு இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கையை ஏற்க மறுத்து, பின்னர் அந்த முடிவு மாகாணச் சட்டமன்றங்களிடம் விடப்பட்டது. சென்னை மாகாணம் 1921இல் முதலாவதாக அதை வழங்கியது. லிவர்பூல் பெண் ஒருத்தியின் வாக்கு தஞ்சாவூர்ப் பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கலாம், மறுதலை இயலாது என்னும் இந்நிலையே ராத்போனின் செயல்களுக்குப் பின்புலம்.

எலினோர் ராத்போன் 1929 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினரானார். கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' (1927) அவரை உலுக்கியிருந்தது. இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்பதற்குக் குழந்தை மணத்தைச் சான்றாக்கிய அந்நூலின் அரசியலை அவர் முழுமையாக ஏற்கவில்லை; அது காட்டிய அவலத்துக்கு வாக்குரிமை பெற்ற தாமும் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். 1929 அக்டோபர் 7, 8 நாட்களில் லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் இந்தியப் பெண்களைப் பற்றிய மாநாட்டைக் கூட்டினார்.

நாட்கள் முக்கியம். சிறுமியரின் மணவயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டத்தை இந்திய மத்தியச் சட்டமன்றம் செப்டம்பர் 28 அன்றுதான் நிறைவேற்றியிருந்தது. அதற்காக அகில இந்தியப் பெண்கள் மாநாடும் பிற அமைப்புகளும் ஈராண்டுகளாகக் கையொப்பம் திரட்டி, உறுப்பினர்களைச் சந்தித்து உழைத்திருந்தன. சம்மத வயதுக் குழுவில் ராமேஸ்வரி நேரு உறுப்பினராக இருந்தார். பத்து நாட்கள் கழித்து லண்டனில், மேடையில் ஓர் இந்தியப் பெண்ணும் இல்லாமல், அதே தீமைகள் விவாதிக்கப்பட்டன.

பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தவர் தன்வந்தி ராமா ராவ். ஹூப்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராணி மேரி கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். இந்தியாவைக் கண்டிராத பலர் அதன் சமூகத் தீமைகளைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமையை அவர் அங்கேயே மறுத்துரைத்தார். அக்டோபர் 22 அன்று 'தி டைம்ஸ்' இதழில் அவரும் வேறு சிலரும் கையொப்பமிட்ட கடிதம் வெளிவந்தது. பிரித்தானியப் பெண்கள் உதவ விரும்பினால் இந்தியப் பெண்களின் அமைப்புகளுக்குத் துணைநிற்கட்டும், தலைமை ஏற்க வேண்டாம் என்பதே அதன் நிலை. குழந்தை மணம் தீமை என்பதில் இரு தரப்பிற்கும் வேறுபாடில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேசியவாதம் மரபைக் காக்க எழுந்தது, பெண்ணியம் அதைத் தகர்க்க எழுந்தது என்னும் எளிய எதிர்நிலை இங்கே பொருந்தாது. பூசல் தீமையைப் பற்றியதன்று, மேடையைப் பற்றியது.

சென்னையின் சிக்கல்

பேசுவோரின் இனம் மட்டுமே அனைத்தையும் தீர்மானித்தது என்று கொள்வதற்குச் சென்னை இடந்தரவில்லை. 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்தியப் பெண்கள் சங்கத்தின் நிறுவனர்களுள் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் இருந்தனர். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், வாக்குரிமைப் போராட்டத்தில் ஏற்கெனவே சிறை கண்டவர். அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக 1932இல் வேலூர்ப் பெண்கள் சிறையிலும் அடைக்கப்பட்டார். தன் நாடும் ஆளப்பட்ட நாடாக இருந்தது அவருடைய பார்வையில் ஏற்படுத்திய வேறுபாடு ராத்போனோடு ஒப்பிடுகையில் துலங்கும்.

மறுபுறம், இந்தியப் பெண்ணே பேசினாலும் யாருக்காகப் பேசுகிறாள் என்னும் வினா முடிந்துவிடவில்லை. சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 நவம்பரில் தேவதாசி முறையை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சென்னை மாகாணத் தேவதாசியர் அதை எதிர்த்து அரசுக்கு மனு அளித்தனர். தங்களை விலைமகளிரோடு ஒன்றாக்குவதை மறுத்தனர். தம் சமயப் பணியின் பழமையை எடுத்துரைத்தனர். ஒழிப்பதற்கு மாறாகக் கல்வி தரக் கேட்டனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் இவ்வெதிர்ப்பின் முன்னணியில் இருந்தார். சட்டமன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை. மனு எழுதும் வழியே இருந்தது.

இதைக் காக்ஸ்டன் மண்டபத்தோடு அப்படியே ஒப்பிடுவது பிழையாகும். முத்துலட்சுமி ஆளும் இனத்தவர் அல்லர். அவர் தாயார் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். வெளியிலிருந்து வந்த இரக்கம் அன்று, உள்ளிருந்து எழுந்த கோபம் அது. அச்சமூகத்தில் பிறந்து அம்முறையை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரும் இருந்தனர். ஆயினும் சீர்திருத்தவாதி சட்டமன்றத்தில் பேச, சீர்திருத்தப்படுவோர் மனு எழுதும் அமைப்பு மாறவில்லை. இனத்தின் இடத்தில் இங்கே சாதியும் குடும்ப மரியாதையும் நின்றன. ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. அப்பெண்கள் கோரிய கல்விக்கு அச்சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

மனைவி என்னும் வாக்காளர்

1930இல் சைமன் குழு, சொத்துத் தகுதியுள்ள ஆண்களின் மனைவியருக்கும் கைம்பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. இதன் பின்னே ராத்போனின் உழைப்பு இருந்தது. அவருக்கு இது இயல்பான படி. 1918இல் பிரித்தானியப் பெண்கள் பலர் கணவரின் தகுதி வழியாகவே வாக்குரிமை பெற்றிருந்தனர். பத்தாண்டில் அது சமவாக்குரிமையாக வளர்ந்தது. தம் வரலாற்றின் ஏணியை அவர் இந்தியாவுக்கும் நீட்டினார்.

இந்தியப் பெண்கள் அமைப்புகள் அதில் வேறொன்றைக் கண்டன. 1931இல் மூன்று முதன்மை அமைப்புகள் இணைந்து வெளியிட்ட அறிக்கை வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரியது. இட ஒதுக்கீட்டையும் மனைவி என்னும் தகுதியையும் மறுத்தது. முத்துலட்சுமி இந்நிலையில் உறுதியாக நின்றார். சென்னையிலிருந்தே மாற்றுக் குரலும் எழுந்தது. முதல் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற இராதாபாய் சுப்பராயன், பொதுத் தொகுதிகளில் ஆண்கள் பெண்களுக்கு வழிவிட மாட்டார்கள் என்று கருதி ஒதுக்கீட்டை ஆதரித்தார். ராத்போனோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்ததால் அவர் ஆள்வோரின் கைப்பாவை என்று ஒதுக்கப்பட்டார். அது நியாயமற்றது. பெண்களின் வெற்றி வாய்ப்பைப் பற்றிய அவருடைய கணிப்பு பிற்காலத் தேர்தல்களால் பொய்யாக்கப்படவில்லை. எனினும் இனத்தின் நிழல் விழுந்த மேடையில் ஒரு நடைமுறை வாதம் நடைமுறை வாதமாகவே கேட்கப்பட வழியில்லாது போயிற்று.

லோதியன் குழு 1932இல் இந்தியா முழுவதும் சுற்றியது. அதே வேளையில் ராத்போனும் தனியே வந்து பெண் தலைவர்களைச் சந்தித்தார். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மனைவி என்னும் தகுதியை ஏற்றது. மாகாணச் சட்டமன்றங்களில் 41 இடங்களைப் பெண்களுக்கு, அதுவும் மதவாரியாகப் பிரித்து, ஒதுக்கியது. இந்திய அமைப்புகள் மறுத்த இரண்டும் சட்டத்தில் இடம்பெற்றன. அவை கோரிய வயது வந்தோர் வாக்குரிமை இடம்பெறவில்லை.

அக்கோரிக்கை அரசியலமைப்பின் வழி நிறைவேறி, முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரானபோது, வட மாநிலங்களில் இலட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்திருந்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்தார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.